பருத்திப்பால் குடித்த நாய்

கம்பத்தில் இருபத்திரண்டு வருடமாக மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உளுந்தம் பொட்டு என்று கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். கேட்காத யோசனையையும் சேர்த்துக் கொடுப்பேன். கன்று போட்ட மாட்டுக்கு எத்தனை கை கொட்டை ஊறப்போடலாம், சினை மாட்டுக்கு எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, நாலு கால் உள்ள எதைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

நாய் என் மனைவியுடையது. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, கெங்குவார்பட்டியில் தன் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் ஒரு தெருநாய் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செவலை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது என்னைச் சட்டை செய்ததில்லை. அவள் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கு வீட்டையே இரண்டாக்கும். நான் வந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். உண்மையில் அது உறுத்தியது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நாயிடம் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டேன் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அதற்குப் பால் என்றால் உயிர். ஆனால் பசும்பால் ஊற்றினால் மறுநாள் வயிற்றால் போகும். மனைவி மகளிடம் போனில் கேட்டாள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு மாட்டுப் பால் செரிக்காது, ஆசைக்கு வேண்டுமானால் சர்க்கரை போடாத பாதாம் பாலோ சோயாப் பாலோ இரண்டு ஸ்பூன் கொடு, அதுவும் என்றைக்காவது ஒரு நாள், சைலிட்டால் என்று ஒரு இனிப்பு இருக்கிறது, அது கலந்திருந்தால் தொடவே கூடாது என்றெல்லாம் மகள் சொல்லியிருக்கிறாள். இவள் தேனியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்து ஒரு பாதாம் பால் வாங்கி வந்தாள். நாய் அந்த இரண்டு ஸ்பூனை ஒரே நக்கில் முடித்துவிட்டு மிச்சம் எங்கே என்று அவள் முகத்தைப் பார்த்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பாதாமாவது சோயாவாவது, நம் பக்கத்திலேயே செடியில் காய்க்கிற பால் இருக்கும்போது தேனிக்கு எதற்குப் போகவேண்டும் என்றேன். பருத்திப்பாலைத்தான் சொன்னேன். மதுரை, தேனிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சளி பிடித்தாலும் உடம்பு வலித்தாலும் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறவர்கள் நாங்கள். கடையிலிருந்து நல்ல கொட்டையாகப் பார்த்து எடுத்து வந்து ஊறப்போட்டு, நானே கிரைண்டரில் ஆட்டிப் பிழிந்தேன். சுக்கும் ஏலமும் நாய்க்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டு, லேசாகக் காய்ச்சி, வாசனைக்குக் கருப்பட்டி ஒரு துணுக்கு. என் சமையல் திறமை அந்த வீட்டில் வெளிப்பட்டது அன்றைக்குத்தான்.

மனைவி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கு ஆகுமாங்க?"

"மாட்டுக்கு ஆகுது, மனுசனுக்கு ஆகுது. இதுக்கு மட்டும் என்ன தனி வயிறா?"

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பருத்திக்கொட்டையைப் பற்றி என்ன தெரியும் என்றேன். அவள் அதோடு விட்டுவிட்டாள். தீவன விஷயத்தில் ஊரே என்னைக் கேட்கும்போது அவள் மட்டும் எப்படி மறுத்துப் பேசுவாள்.

நாய்க்கு அது பிடித்துப்போனது. வயிற்றால் போகவும் இல்லை. தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் ஒரு பெரிய டம்ளர். ஒரே வாரத்தில் என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே கேட்டுக்கு ஓடி வர ஆரம்பித்தது. என் காலைச் சுற்றும், செருப்பைக் கவ்விக்கொண்டு போகும். "ஆளை மாத்திருச்சு பாருங்க" என்று மனைவி சிரித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். மனைவி அதைக் காலையில் வாய்க்கால் வரை கூட்டிப்போவாள். பாதி வழியில், திராட்சைத் தோட்டத்து வேலியோரம் உட்கார்ந்துவிடுகிறது என்றாள். முதுகு எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் உருண்டு வந்தது. சத்து ஏறுகிறது என்று நான் விளக்கம் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் அரை டம்ளர் கூட்டினேன். பிறகு ஒரு நாள் அது படுக்காமல், முன்னங்காலை அகட்டி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கியது. அதற்கு மேல் மனைவி என்னைக் கேட்கவில்லை. வாடகைக் கார் சொல்லிவிட்டாள்.

தேனியில் நாய்களுக்கென்றே பார்க்கிற ஒரு பெண் டாக்டர் இருந்தார். திராட்சை தின்றதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இந்தப் பள்ளத்தாக்கில் எந்த நாய் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாராம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இல்லை என்றோம். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். என்ன சாப்பாடு என்றார். சோறு, முட்டை, வேகவைத்த கோழி என்று சொல்லிவந்த மனைவி அங்கே நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சத்தை நான் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள்.

சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"பருத்திக்கொட்டையில ஒரு விஷச் சத்து இருக்குங்க. அசை போடுற மாட்டு வயிறு அதை ஓரளவு முறிச்சிரும். நாய்க்கு அந்த வயிறு கிடையாது. தினமும் குடுத்தா உடம்புல சேர்ந்து இதயத்தைக் கெடுத்திரும்."

நாம் குடிக்கிறோமே என்று கேட்டேன். என்றைக்கோ ஒரு டம்ளர் நாம் குடிப்பதும், பதினைந்து கிலோ நாய் தினமும் குடிப்பதும் ஒன்றா என்றார். காய்ச்சினால் குறையுமே தவிர முழுதாகப் போகாது. இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இங்கே பரிசோதனை வசதி இல்லை, ஆனால் கேட்டதையும் பார்த்ததையும் வைத்துப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றவில்லை என்றும் சொன்னார். பாதாம் பால் டப்பாவைப் பற்றி மனைவி கேட்டாள். சர்க்கரை இல்லாததென்றால் அந்த இரண்டு ஸ்பூனால் ஒன்றும் வந்திருக்காது என்று பதில் வந்தது. தேங்காய்ப்பால்கூட, கொழுப்பு அதிகம், துளி அளவோடு நிறுத்திக்கொண்டால் பாதகமில்லையாம். எங்கள் வீட்டில் எட்டக்கூடிய பால்களிலேயே கூடாத ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான்.

வயிற்றில் கட்டியிருந்த நீரை ஊசி போட்டு எடுத்தார்கள். நெஞ்சுக்கு மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. நாட்பட்டுவிட்டது, பார்ப்போம் என்றார்கள். திரும்பி வரும் வழியில் சின்னமனூர் தாண்டியதும், தப்பு என்னுடையதுதான் என்று மனைவியிடம் சொன்னேன். நாய் அவள் மடியில் தலை வைத்திருந்தது. "ம்" என்றாள்.

அதன்பிறகு எல்லாம் அவள்தான். மாத்திரையை முட்டைக்குள் வைத்துக் கொடுத்தாள், துடைத்துவிட்டாள், பாயை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே கடையில் உட்கார்ந்திருந்தேன். யோசனை கேட்டவர்களுக்குக் கொட்டையை மட்டும் அளந்து போட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. நான் ஒன்றும் கொண்டுவரப்போவதில்லை என்பது அதற்குத் தெரியாது. வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்து கேட்டுக்கு வரும். வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்து, ஒரு நாள் வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன். செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அது செத்துப்போனது. அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை, அவள் கூப்பிட்டதற்குத் தலையைத் தூக்கவில்லை. நான் போனபோது முன்வாசலில் அவள் மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் மடியை விட்டு இறங்கியது. மூன்று அடி வைத்தது, முன்னங்கால் மடங்கி விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து என்னையே பார்த்து வாலை அசைத்தது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"உங்ககிட்டதான வருது" என்றாள். குரலில் கோபம் இல்லை. "போய்த் தூக்குங்க."

போய்த் தூக்கினேன். அது என் கையை மோந்து பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நக்கியது.