எடை இருந்த இடத்தில் வயது

ஆபீசில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு வேண்டிய புரோகிராமை எழுதித் தள்ளிவிடுவாள். நாற்பத்தைந்து வயது, முழங்கால் வலி, கல்லூரிக்குப் போகும் மகன், இவை எதுவும் அந்த வேகத்தைக் குறைத்ததில்லை. வீட்டிலும் டப்பாக்களில் பெயர் ஒட்டுவதில்லை. முதலாவது உப்பு, அடுத்தது சர்க்கரை, கைக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு மருந்தளவு காட்டும் திரையும் அவள் எழுதியதுதான். கணக்கைப் போடுவது டேட்டாபேசுக்குள் இருக்கும் ஸ்டோர்ட் புரொசீஜர் என்ற குட்டி புரோகிராம். முதலில் நோயாளியின் வயது, அடுத்து எடை என்று அதற்கு எடுத்துக் கொடுப்பது அவளுடைய புரோகிராம். டேட்டாபேசைக் கவனித்துக்கொள்பவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அன்றைக்கே சொன்னார்.

"எது வயசு, எது எடைன்னு பேர் போட்டு அனுப்பும்மா."

"ரெண்டும் நம்பர்தானேண்ணே. நீங்க கேக்குற வரிசையில குடுத்தா வாங்கிக்க மாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இந்த வாரம்தான் குழந்தைகள் வார்டும் அந்தத் திரைக்கு மாறியது. அவளுடைய தங்கையின் ஆறு வயது மகள் அங்கேதான் படுத்திருந்தாள். மதியம் ஃபிளாஸ்க்கோடு போனபோது தங்கை கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"மருந்து ஏறிக்கிட்டேதான் இருக்குக்கா. காய்ச்சல் இறங்க மாட்டேங்குது."

அடுத்த வேளை மருந்துக்கு நர்ஸ் திரையைத் திறந்தாள். அளவு அறுபது மில்லிகிராம் என்று இருந்தது. இந்த மருந்து கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் என்பது திரையை எழுதியவளுக்கு மனப்பாடம். குழந்தையின் எடையோ பத்தொன்பது கிலோ. நூற்றுத்தொண்ணூறு அல்லவா வரவேண்டும்? அறுபது என்றால் ஆறு கிலோ. ஆறு... அது வயதல்லவா?

ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்கப் போனவள் கட்டில் ஓரத்தில் இடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! அளவு தப்பு. டாக்டரைக் கூப்பிடுங்க."

"சிஸ்டம்தான் சொல்லுது மேடம்," என்றாள் நர்ஸ் பொறுமையாக.

"அந்த சிஸ்டமே நான்தாங்க!"

டாக்டர் வந்து தாளில் கணக்குப் போட்டு, புது அளவை எழுதினார். அவள் வராண்டாவுக்கு ஓடிப்போய் போன் போட்டாள்.

"அண்ணே, புரொசீஜர்ல கை வச்சீங்களா?"

"போன வாரம். எடையை முதல்ல வச்சேன், பார்க்க ஒழுங்கா இருக்கட்டும்னு. நீ பேர் போட்டுதானே அனுப்புற?"

"இல்லண்ணே. பழைய வரிசையிலதான், வயசு முதல்ல."

"ஒரு வாரமா யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா..."

"எப்படிச் சொல்லுவாங்க? அறுபது வயசு, அறுபத்திரண்டு கிலோ. மாத்திக் குடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் அடங்கியது. எல்லோரும் அப்படியா இருப்பார்கள்? எண்பத்தைந்து வயது, நாற்பது கிலோ இருப்பவர்களுக்கு? அவர்களுக்கு இரண்டு மடங்கல்லவா போயிருக்கும்?

"அந்தத் திரையை இப்பவே மூடுங்கண்ணே. எல்லா வார்டுக்கும் சொல்லுங்க."

தங்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா... நீயா?"

"நான்தான்டி," என்றாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறினாள். முழங்கால் நினைவுக்கே வரவில்லை. மேல்மாடியில் முதியோர் வார்டு வாசலில் ஒரு நர்ஸ் மறித்தாள்.

"விசிட்டர் நேரம் இல்லைங்க. யாரைப் பாக்கணும்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒல்லியா இருக்கிறவங்களை," என்றாள். "எல்லாரையும்."