பேஞ்சோ நுழையாத வீடு

தி.நகரில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து புடவைகளுக்கு ஓரம் அடிப்பது என் வேலை. பக்கத்து மெஷினில் இருக்கும் பையன் நாள் முழுக்கக் கைப்பேசியில் கானா பாட்டு வைத்துக்கொண்டே தைப்பான். போன வாரம் ஏதோ ஒரு புதுப் பாட்டின் நடுவில் கம்பி வாத்தியம் ஒன்று தனியாகப் பேச ஆரம்பித்தது. என் கால் மெஷினை மிதிப்பதை விட்டுவிட்டது.

"இன்னாண்ணே நிறுத்திட்ட? உனுக்கு இதெல்லாம் புடிக்குமா?" என்றான் பையன்.

"அது பேஞ்சோ," என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் என் வாய் அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் அந்தப் பாட்டைத் திரும்ப வைத்தான். நன்றாகத்தான் வாசித்திருந்தார்கள். எனக்கு எங்கள் மாமாவின் கை ஞாபகம் வந்தது.

மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன். பகலில் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். மற்ற நேரத்தில் பேஞ்சோ வாசிப்பார். அது நீளமான ஒரு மரப்பெட்டி. அதன்மேல் கம்பிகள் ஓடும். கம்பிகளுக்கு மேலே டைப்ரைட்டரில் இருப்பதுபோல் பொத்தான்கள். இடது கை பொத்தானை அழுத்த, வலது கை கம்பியை மீட்டும். புல்புல்தாரா என்று வேறு பெயரும் உண்டாம். மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமா வாசித்தால் விரல்களில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு பொத்தான்களிலும் ஒட்டிக்கொள்ளும். அம்மா அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனாள்.

மாமாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுபவர்தான், ஆனால் யாரைக் கேட்டாலும் பாட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். தெருவில் சாவு விழுந்தால் இரண்டு பேரும் போய் உட்கார்வார்கள். இறந்தவரின் பேரைச் சொல்லி, அவர் கொடுத்தது, குடித்தது, யாரோடு சண்டை போட்டது எல்லாவற்றையும் சேர்த்துப் பாட்டுக்காரர் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார். மாமாவின் பேஞ்சோ பின்னாலேயே போகும். அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்காரர்கள் நடுவில் சிரித்துவிட்டு, மறுபடியும் அழுவார்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சாவுக்கு வாசிக்கிற மெட்டை வீட்டுக்குள் பழகக் கூடாது. வாய்க்குள் முணுமுணுத்தால்கூடப் பெண்கள் துடைப்பத்தைத் தூக்கிவிடுவார்கள். அதனால் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போவார்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்து பழகுவார்கள். நானும் போவேன். பாட்டு கேட்க அல்ல, நண்டு பிடிக்க.

ஒரு வருடம் பாட்டுக்காரர் படுத்துவிட்டார். நெஞ்சில் கோளாறு. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு நான், குணமாகிவிட்டது, அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

மாமா தினமும் சாயங்காலம் அவரைப் பார்க்கப் போவார். பாட்டுக்காரரின் மனைவியை நான் அத்தை என்பேன். போனால் கை நிறையப் பொட்டுக்கடலை தருவாள் என்பதால் நானும் கூடவே போய்விடுவேன். அப்படி ஒருநாள் பாட்டுக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, எனக்கு இன்னா வாசிக்கப் போற?" என்று கேட்டார்.

"சும்மா கெட அண்ணாத்த," என்றார் மாமா.

"இல்லடா. எத்தினி பேருக்குப் பாடிக்கீறோம். பாட்டு செத்தவனுக்குத்தான். ஆனா அவன் ஒருத்தனுக்குத்தான் அது கேக்காது. நீ பாட்டுக்கு ஓட்டையா வாசிச்சுட்டேன்னா நான் எழுந்து வந்து ஒதைக்க முடியுமா? இப்பவே வாசிச்சுக் காட்டு. மெட்டுகூட கட்டி வெச்சுக்கீறேன்."

அவர் மெதுவாக முனக ஆரம்பித்தார். மூச்சு நடுநடுவே அறுந்தது. அடுப்படியிலிருந்து அத்தை ஒரு குண்டானைத் தரையில் டங்கென்று போட்டாள்.

"காலைலேர்ந்து இதே ரோதனை," என்றபடி டீயோடு வெளியே வந்தாள். "தம்பி, நீ வா, குந்து, டீ குடி. ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொட்டி மட்டும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது. அதுக்குப் பின்னாடியே யார் வருவான்னு எனக்குத் தெரியும்."

"இல்ல அண்ணி," என்றார் மாமா. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு மாமா கடற்கரைக்குத் தனியாகப் போனார். நான் நண்டு வளைகளைத் தோண்டுவேன். அவர் அந்த மெட்டை வாசிப்பார். ரொம்ப நிதானமான மெட்டு. ஓரிடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். எத்தனை தடவை வாசித்தாலும் அந்த இடத்தைத் தாண்டாததால், மாமாவுக்கு வாசிக்கத் தெரியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் பேஞ்சோவுக்கு வேறு வேலை. கோயிலிலிருந்து கரகம் கிளம்பித் தெருவில் வீடு வீடாக நிற்கும். டோலக்கும் பேஞ்சோவும் அம்மன் பாட்டு வாசித்தபடி அதோடு போகும். சாவுக்குப் போய்வந்த அதே பெட்டிக்கு அன்றைக்குச் சந்தனம், குங்குமம், பூ. யார் வாசலிலும் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

கரகம் கிளம்பும் நாளன்று காலையில் மாமா அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் ஏதோ கேட்டார். கூழ் கிண்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். "ஆத்தா தெருத்தெருவா சுத்தறவ. அவளுக்குத் தெரியாத பாட்டா? தப்புல்ல, வாசி. வேகமா வாசிச்சுடு. அண்ணிக்கு மட்டும் தெரியாம பாத்துக்க."

எந்தப் பாட்டு, எதற்கு வேகம் என்று நான் கேட்கவில்லை. கூழுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பதுதான் அப்போது என் கவலை.

வெயில் ஏறும் நேரத்தில் கரகம் பாட்டுக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. மாமா பெட்டியைத் துண்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். அதுவரை வாசித்த பாட்டை நிறுத்தினார். ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் இன்னொன்றை ஆரம்பித்தார். டோலக்காரர் ஒரு கணம் முழித்தார், பிறகு பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு வேகத்தை நான் கேட்டதே இல்லை. விரல்கள் பொத்தான்மேல் மழைபோல விழுந்தன.

யாராவது பார்த்தாலே அம்மாவின் புடவைக்குள் போய் ஒளிகிற நான், அன்றைக்கு ஆடினேன். எப்படி நடுவில் போனேன் என்று எனக்கே தெரியாது. தெரு கை தட்டியது. "டேய், யாரு புள்ளடா இது, ஊமை மாதிரி இருக்குமே," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தும் நான் நிறுத்தவில்லை.

அத்தை குடத்தோடு வெளியே வந்து, கரகம் எடுத்தவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். தீபம் காட்டினாள். பிறகு தட்டைப் பிடித்தபடியே மாமாவுக்கு எதிரில் வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

"தம்பி," என்றாள்.

மாமாவின் கை நின்றுவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ்ளோ வேகமா வாசிச்சா அவருக்கு இன்னா புரியும்? உள்ள வா. மெதுவா வாசி."

கரகம் எடுத்தவர், "இன்னாம்மா இது, ஆத்தா நிக்குது. இன்னும் எத்தினி வூடு கீது," என்றார்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீ போய்க்கினே இரு," என்றாள் அத்தை. தட்டைக் கீழே வைத்தாள். மாமாவின் கழுத்திலிருந்து துண்டை எடுத்து, பேஞ்சோவை இரண்டு கையாலும் பிடித்து, தானே வாசற்படியைத் தாண்டி உள்ளே கொண்டுபோனாள். மாமா பின்னாலேயே போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பேஞ்சோ கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக. ஓரிடத்தில் வந்து நின்றது. "அங்கதான்டா, வுடாத, போ," என்று பாட்டுக்காரரின் குரல் கேட்டது. இருமலோடு ஒரு சிரிப்பும் கேட்டது. மெட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

தெருவில் யாரும் அசையவில்லை. ஆத்தாவும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால் ஆடியிருக்கிறேன். அந்த நல்ல பாட்டை இந்த அத்தை இப்படி இழுக்கவைத்துக் கெடுத்துவிட்டாளே என்று அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். டோலக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் நின்றுபோனதில் தெருவுக்கே இத்தனை வருத்தமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.