பாறைமேல் பெரியம்மாள், பின்னால் நிலா

கவிப்பிரியா காரிமங்கலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் தயாரிப்பவள். தர்மபுரியைத் தாண்டாத பெண்ணும் மாப்பிள்ளையும் அவள் கணினிக்குள் பனிமலையில் கைகோத்து நிற்பார்கள்; பின்னால் பெரிய நிலா ஒன்று வரும். ஸ்டுடியோக்காரர்கள் இதை மிக்ஸிங் என்பார்கள். எத்தனை ஜோடிகளுக்குப் பின்னால் நிலாவை ஒட்டியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒட்டி ஒட்டி அந்த நிலா மேல் அவளுக்கு ஒரு சலிப்பு வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே நிலா. யாரோ எங்கிருந்தோ இறக்கி வைத்த படம். அதே பள்ளம், அதே கறை. ஒரிஜினலைத் தானே எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றி, பழைய தொலைநோக்கி ஒன்றை மலிவாக வாங்கினாள். முன்னால் லென்ஸ், பின்னால் கண் வைக்கிற இடம், நடுவில் ஒரு வெள்ளைக் குழாய். தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகலாம். கண் வைக்கிற இடத்தில் ஒரு வளையத்தை மாட்டினால் கேமராவையும் அதிலேயே பொருத்திவிடலாம்.

முதலில் எடுத்த படங்கள் நன்றாக இல்லை. வியாழன் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. சனி அதைவிட மோசம். அந்த விலைக்குக் கிடைக்கும் லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் சேர்க்காது. வெளிச்சமாக எது இருந்தாலும் அதன் ஓரத்தில் ஊதாவாக ஒரு கோடு விழும். அதைக் கணினியில் அழிப்பது அவளுக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் அழிக்கவில்லை. பகலெல்லாம் அழிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தவள், இந்தக் குழாய் காட்டுவதில் மட்டும் கைவைப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. பாராட்டத்தக்கது என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அவள் படங்களுக்கு முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தைப் பௌர்ணமியில் எடுத்த படம் வேறு ரகம். அவர்கள் வயலுக்குக் கிழக்கே ஒரு மொட்டைப் பாறை உண்டு. தன் அம்மா பெரியம்மாளை அதன் உச்சியில் நிற்கச் சொல்லிவிட்டு, அரைக் கிலோமீட்டர் மேற்கே, அவரைச் செடி பிடுங்கிய வயலில் கவிப்பிரியா குழாயை நிறுத்தினாள். சூரியன் விழுந்த சற்று நேரத்தில் பாறைக்குப் பின்னாலிருந்து நிலா எழுந்தது. படத்தில் பெரியம்மாள் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்; அவளைப்போல் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு வீட்டுச் சுவர்போல, பின்னால் நிலா.

ஸ்டுடியோ முதலாளி மாதேஷ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பிரியா, உன் மிக்ஸிங்லயே இதுதான் டாப்பு. ஆனா ஓரத்த சரியா வெட்டல பாரு, ஊதா தெரியுது."

"வெட்டவே இல்லைங்ணா. அப்படியே எடுத்தது."

"சம்பளம் குடுக்கறவன்கிட்டயேவா?" என்று சிரித்தான்.

தர்மபுரியில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு படக்கண்காட்சி வைத்தார்கள். கவிப்பிரியா படத்தை அனுப்பினாள். கண்காட்சியைக் கவனித்த சுசித்ரா போனில் கூப்பிட்டாள். அவளுக்கும் அந்த ஊதா ஓரம்தான் உறுத்தியது. "தப்பா நினைக்காதீங்க. படத்துல நிக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றாள். கவிப்பிரியா சந்தோஷமாக போனை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா பொய் பேசி அவள் கேட்டதில்லை.

"நீங்க நின்னப்ப பின்னால நிலா இருந்துச்சுங்களாம்மா?"

"இருந்துச்சுங்க."

"படத்துல இருக்கற மாதிரி அவ்வளவு பெருசாவா?"

பெரியம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நான் திரும்பிப் பாத்தேன். எப்பவும் இருக்கற நெலாதான். தட்டு மாதிரி இருந்துச்சு. இவ பண்றதே போட்டோ ஒட்டற வேலைதானுங்களே."

ஒட்டிய படங்களை வைப்பதில்லை என்று சுசித்ரா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

"ஏம்மா இப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்றது? அத்தாத்தண்டி நெலா முதுகுக்குப் பின்னால வந்தா எனக்குத் தெரியாதா? சோத்துக்கு ஒட்டற, சரி. என்னைய வெச்சு ஏண்டி ஒட்டற?"

கண்காட்சி போனது அவளுக்குப் பெரிதில்லை. கடைசிக் கேள்விதான் தைத்தது. தான் ஒட்டாமல் எடுத்த ஒன்றை, அந்தப் படத்துக்குள்ளேயே நிற்கிறவள் நம்பவில்லை. தள்ளிப் போகப் போக ஆள் சிறுத்துப்போவார், நிலா சிறுக்காது, அது அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கையை நீட்டியும் மடக்கியும் விளக்கினாள். பெரியம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "நீ வாயால சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்குது" என்று எழுந்து போனாள்.

மாசிப் பௌர்ணமி வரை கவிப்பிரியா அதைப்பற்றிப் பேசவில்லை. அன்று அம்மாவையே குழாயில் கண் வைத்துப் பார்க்கச் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள். நிலா மாதாமாதம் ஒரே இடத்தில் உதிக்காது என்பதால், குழாயை வடக்கே இரண்டு வயல் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. கேமராவைக் கழற்றிவிட்டாள். நடுவில் கேமரா இருந்தால் அம்மாவுக்குச் சந்தேகம் போகாது. பாறைமேல் நிற்க ஓர் ஆள் வேண்டும். மாதேஷைக் கேட்டாள். முட்டி வலி, கடையில் கூட்டம் என்று ஏதேதோ சொல்லிவிட்டு, கடைசியில் வந்து, மூச்சு வாங்க ஏறினான்.

பெரியம்மாள் குனிந்து கண்ணை வைத்தாள்.

"அடி ஆத்தாடி, மாதேசு தலைகீழாத் தொங்கறான்டி!"

"லென்ஸ் அப்படித்தான் காட்டும்மா. எல்லாத்தையும் கவுத்துக் காட்டும். கேமரா மாட்டுனா அது நேராக்கிக்கும்."

"பாறையும் கவுந்துதான் கெடக்குது" என்றவள், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கவிழ்ந்த பாறைக்குள்ளிருந்து நிலா ஒரு விளிம்பாக எட்டிப்பார்த்து, கீழே இறங்கி, மாதேஷின் கால், இடுப்பு, தலை என்று மெல்ல மெல்ல அவனை முழுதாகத் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஓரத்தில் ஊதாக் கோடு.

பெரியம்மாள் தலையைத் தூக்கி வெறும் கண்ணால் பார்த்தாள். தூரத்தில் பாறை, அதன்மேல் எறும்பாக ஓர் ஆள், எப்போதும் இருக்கிற நிலா. மறுபடி குனிந்தாள். மறுபடி நிமிர்ந்தாள். நிலா நகர நகரக் குழாயை மெல்ல நகர்த்தியதோடு சரி, கவிப்பிரியா வேறெதிலும் கைவைக்கவில்லை.

போன் அடித்தது. மாதேஷ்.

"யக்கா, ஏதாச்சும் தெரியுதா? நான் திரும்பிப் பாத்துட்டேன், எப்பவும் போலத்தான் இருக்குது. உம்பொண்ணு நம்மள ஏமாத்தறா!"

"பேசாம நில்லு மாதேசு. உனக்குத் தெரியாது. அங்க நின்னா யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு, அதே போனில் சுசித்ராவைக் கூப்பிடச் சொன்னாள். தான் யார் என்று ஞாபகப்படுத்தினாள்.

"அன்னிக்கு நான் பொய் சொல்லலைங்க. பாறை மேல நின்னவளக் கேட்டீங்க, அங்க தெரிஞ்சதச் சொன்னேன். இன்னிக்கு எம்பொண்ணு நிக்கற எடத்துல நின்னு பாத்தேன். அவ ஒட்டலைங்க."

கண்காட்சி முடிந்து படங்களையெல்லாம் எடுத்தாயிற்றே என்று சுசித்ரா வருத்தப்பட்டாள். அடுத்த பௌர்ணமிக்கு நாங்களே வந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

"தாராளமா வாங்க. உங்கள்ல ஒருத்தர் பாறை ஏறணும், நல்ல செருப்பாப் போட்டுட்டு வாங்க. மீதிப் பேருக்கு எப்படிப் பாக்கறதுன்னு எம்பொண்ணு காட்டுவா."