பட்டியலில் விட்டுப்போன பலகை

நெடுஞ்சாலைத் துறைப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பலகை எழுதுகிறவரை நாங்கள் ஸ்கேல் அக்கா என்போம். அளக்காமல் அவர் காதில் பென்சில்கூடச் செருகமாட்டார். வேன் ஓட்டும் எனக்கு இதனால் பாதி நாள் வீண். ஆனால் அவர் நட்ட பலகை ஒன்றுகூடக் கோணியதில்லை.

போன மாதம் எங்கள் ஏரிக்கரைச் சாலையை அரசு 'எழில் சாலை' என்று அறிவித்தது. பழுப்புப் பலகையில் ஒரு மலை, ஒரு வளைவு, மேலே மஞ்சள் சூரியன். தலைமை அலுவலகத்தில் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த சின்னமாம். எனக்குப் பொரித்த முட்டை மாதிரிதான் தெரிந்தது. அதை நடும் முன் சாலையோரத்துத் தனியார் பலகைகளை எல்லாம் கழற்ற வேண்டும். பட்டியலில் அறுபத்தொன்று இருந்தன.

பட்டியலில் இல்லாத ஒன்றும் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், திருப்பத்தை ஒட்டிய சந்துக்குள் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடை சாலைக்குத் தெரியாது என்று, கல்யாணமான புதிதில் அக்கா ஒரு பலகை எழுதி நட்டார். அவருக்கு வருவது துறைப் பலகை எழுத்து ஒன்றுதானே! நீலத்தில் வெள்ளை, துறை அளவு, அம்புக்குறி, 'பஞ்சர் 200 மீ'. கணக்கெடுக்க வந்த சர்வேயர் அதைத் துறையின் பலகை என்றே நம்பி விட்டுவிட்டார்.

அக்காவும் அதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லவில்லை. முதல் நாள் பதினாறு கழற்றினோம். பதினேழாவது, திருப்பத்துக்கு எதிரே இருக்கும் பழக்கடைக்காரம்மாவுடையது.

"உன் வீட்டுக்காரர் பலகை மட்டும் கவர்மெண்டோடதா, தங்கச்சி?" அந்தம்மா கோபமே இல்லாமல் கேட்டார்.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. நேராக இன்ஜினியரிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "லிஸ்ட்ல இல்லம்மா. இப்ப சேத்து எழுதினா உங்க மேலதான் விசாரணை வரும். பேசாம விடுங்க" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "அவரே சொல்லிட்டார்ல, இன்னும் என்னக்கா?"

"அவர் நாளைக்கு மாறிப் போயிடுவார். நான் தினம் அந்தம்மா முகத்துல முழிக்கணும்."

பலகையைக் கழற்றப் போவதாக அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாராம். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாராம். பின்னே? கடைக்கு வருவதில் பாதிப் பேர் வழிப்போக்கர்கள். பலகை போனால் பிழைப்பில் பாதி போச்சு.

மறுநாள் காலை திருப்பத்தில் வேனை நிறுத்தினேன். போல்ட்டு துருவேறி அசையவில்லை. அக்கா ஸ்பேனரை மாட்டித் திரும்பத் திரும்ப இழுத்தார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சந்திலிருந்து மாமா விறுவிறுவென்று வந்தார், கையில் நீளமான இரும்புக் குழாய். சண்டைதான் என்று நான் வேனிலிருந்து குதித்தேன். அவர் அந்தக் குழாயை ஸ்பேனர் கைப்பிடியில் செருகினார்.

"நகரு. போடும்போது இறுக்கித் தள்ளிடுற, அப்புறம் கழட்ட வரலன்னா?"

அக்கா நகரவில்லை. இருவரும் சேர்ந்து குழாயில் தொங்கினார்கள். பலகை இறங்கியது.

மதியம், டயரில் காற்றுப்போன கார் ஒன்று பழக்கடை முன்னால் நொண்டி நின்றது. அந்தம்மா நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். கையைக் காட்டி வழி சொல்லவில்லை. சாலையைக் கடந்து, மாமாவின் கடை வாசல் வரைக்கும் கூடவே நடந்து போனார்.