லா சப்பலில் ஒரு மூக்கறுத்த கப்பல்

2013 புரட்டாதி, சனிக்கிழமை. காலை பத்தேகாலுக்கு ஆம்ஸ்ரடாமில் ஏறினேன். ஒன்றரைக்கெல்லாம் பாரிஸ் வட நிலையம். ஐந்நூறு கிலோமீற்றர் வந்த களைப்பு, ஐந்து நிமிடம் நடந்து, நம்மவர் கடைத்தெருவான லா சப்பலின் வடை மணம் பட்டதும் போய்விடும். ஒரு யூரோவுக்கு ஒரு வடை. அன்று அதற்கும் நிற்கவில்லை. சவிரிமுத்து அண்ணைக்கு ஒரு பதில் கொண்டுபோனேன்.

அண்ணை யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். உணவகங்களில் கோப்பை கழுவியே காலம் தள்ளியவர், இப்போது சொந்தக் கடை திறக்கிறார். மூன்று மணிக்குப் பெயர்ப்பலகைக்காரர் வருகிறார். பெயரில்தான் வீட்டுக்குள் வழக்கு.

அவருடைய தகப்பனார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு மை, அதாவது பெயின்ற், பூசியவர். ஒல்லாந்தரின் நீர்மூழ்கி ஒன்றுக்கும் பூசினாராம். பெயர் ஓ 23. அதற்கு ஒரு மூக்கு இருந்தது, அறுத்துவிட்டார்கள் என்று ஊரில் வந்து சொன்னார். மூக்கறுபடுவது என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தானே! தோற்றோடி வந்த கப்பலுக்கு மை பூசியவர் என்று சிரித்து, 'மூக்கர்' என்று பட்டம் கட்டினார்கள். பட்டம் மகனோடு பாரிசுக்கும் வந்துவிட்டது. அதையே பலகையில் ஏற்ற அண்ணைக்கு ஆசை, மனைவி றீற்றா அக்காவுக்கு வெட்கம்.

"தம்பி, நீர் ஒல்லாந்திலைதானே இருக்கிறீர். ஐயா புளுகினவரோ எண்டு கேட்டுச் சொல்லும்" என்று அண்ணை போனில் சொல்லியிருந்தார்.

கடைக்குள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அக்கா நின்றார். "வாரும் தம்பி. நல்ல சேதியெண்டால் தேத்தண்ணி, இல்லாட்டி பச்சைத் தண்ணி."

"தேத்தண்ணியை ஊத்துங்கோ அக்கா."

சொன்னேன். 1940 மே மாதம் ஜெர்மன்காரர் நெதர்லாந்துக்குள் புகுந்தபோது, ஓ 23 ரொட்டர்டாமில் வேலை முடியாமல் கிடந்தது. அப்படியே இங்கிலாந்துக்குத் தப்பியது. பிறகு கொழும்பிலிருந்து மலாக்கா நீரிணைவரை போய் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கியது. தோற்றோடிய கப்பலா அது?

"மூக்கு?" என்றார் அண்ணை. அவருக்கு அதுதான் வேண்டும்.

நெதர்லாந்தின் கடற்படைத் துறைமுகமான டென் ஹெல்டரில், அருங்காட்சியகம் ஒன்றில், ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் ஒருவரைக் கண்டேன். மூக்கைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ஓ 23-இல் எதையாவது கழற்றினார்களா என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துத் தன் மூக்கையே பிடித்துக் காட்டி, "ஸ்னைவர்" என்றார். உறிஞ்சுவது என்று பொருள். நீருக்குள் இருந்தபடியே இயந்திரத்துக்குக் காற்று இழுக்கும் குழாய். இங்கிலாந்தில் தேவையில்லையென்று கழற்றிவிட்டார்கள்.

"அப்ப மாமா சொன்னது உண்மையே?" அக்காவின் கையில் கேத்தல் அப்படியே நின்றது.

"ஓம் அக்கா. பிடிபட்ட வேறை ஒல்லாந்துக் கப்பலுகளிலை அதைப் பாத்துத்தான் ஜெர்மன்காரனும் பிறகு தன்ரை கப்பலுக்கு வைச்சவன்."

அண்ணை ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். "அப்ப மூக்கறுபட்டது, மூக்கை அறுத்தவன்தான்!"

பாண்டிச்சேரிக்காரரான பலகைக்காரர் ஏணியோடு வந்தார். "என்ன பேருங்க போடறது?"

அண்ணை வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "மூக்கர் கடை. பெரிசாப் போடுங்கோ. மூக்கன் எண்டு எழுதிப்போடாதையுங்கோ. மூக்கர்! மரியாதை வேணும்."

ஆறு மணிக்கு நிலையத்துக்கு நடந்தபோது திரும்பிப் பார்த்தேன். மை காயாமல் மின்னியது. நான் வாழும் ஒல்லாந்தில் ஓ 23 என்றால் எத்தனை பேருக்குத் தெரியுமோ! லா சப்பலில் பருப்பு வாங்க வருகிற அத்தனை பேருக்கும் இனித் தெரியும். கதையை முடிக்காமல் அக்கா மிச்சக் காசு கொடுக்கமாட்டார்.