ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

சிங்கப்பூருக்குப் போகும்போது அண்ணன் தன் நாயை என்னிடம் விட்டுப்போனான். செவலை நிற நாட்டு நாய். ஞாயிறுதோறும் காலையில் வீடியோ காலில் அதைப் பார்த்த பிறகுதான் என்னிடம் பேசுவான். பதினோரு வயதில் அதன் பின்னங்கால்கள் மடங்கத் தொடங்கின. ஒரு ஞாயிறு அது நொண்டுவதைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

“என்னடா பண்ணினே அதை? அடிச்சியா?”

“வயசாயிடுச்சுண்ணே.”

“உன் கையில எதுடா உருப்பட்டிருக்கு?”

அந்தப் பேச்சு என்னைத் தைத்தது. மறுநாளே லோடு ஆட்டோவில் ஏற்றி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா அதன் இடுப்பை அழுத்திப் பார்த்தார். மூட்டுத் தேய்மானம் என்றார். வீக்கமும் வலியும் குறைய நாய்களுக்கென்று உள்ள மாத்திரையை எழுதிக்கொடுத்தார்.

“சாப்பாடு வச்ச பிறகு, ஒரு நாளைக்கு ஒண்ணுதாங்க. வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாப் போனாலோ நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வாங்க. நீங்க போடுற வலி மாத்திரையை மட்டும் குடுத்துடாதீங்க.”

நான்கே நாளில் நாய் தானாக எழுந்து வாய்க்கால் வரை நடந்தது. ஆனால் ஓடவில்லை. எனக்கோ, அண்ணன் கண்முன் அது ஓடியாக வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஒரு இட்லிக்குள் இரண்டு மாத்திரை வைத்தேன். கூடவே என் முதுகுவலி மாத்திரையிலும் ஒன்று. மனைவி பார்த்துவிட்டாள்.

“டாக்டரு வேணாம்னு சொன்னாங்கல்ல?”

“நீ போய் உன் வேலையைப் பாரு.”

சற்று நேரம் கழித்து வரப்பில் பிஸ்கட்டை வீசினேன். நாய் ஓடியது. போனில் அண்ணன் சிரித்தான். “பரவாயில்லடா, நல்லாத்தான் பாத்துக்கிறே” என்றான். அதுவரை அவன் என்னைப் பாராட்டி நான் கேட்டதேயில்லை.

ஆறு ஞாயிறுகள் அப்படி ஓடவைத்தேன். திங்கட்கிழமைகளில் கொட்டகை மூலையில் சுருண்டு கிடக்கும். நான்காவது வாரம் அதன் மலம் தார்போலக் கறுத்திருந்தது. டாக்டரம்மா சொன்னது நினைவில்லாமல் இல்லை. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். ஆறாவது ஞாயிறு இட்லியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயைப் பிளந்து மாத்திரைகளைத் தொண்டைக்குள் தள்ளினேன். அது என்னைக் கடிக்கவில்லை.

அன்றும் ஓடியது. சாயங்காலம் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தது, பிறகு ரத்தமாகவே. விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது.

“வேற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்லைங்க.”

மதியத்துக்குள் செத்துப்போனது.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். புதைத்த இடத்தில் நின்று அழுதான். “கடைசி வரைக்கும் அதை ஓடவச்சிட்டியேடா. உன்னைத் தப்பாப் பேசிட்டேன்” என்று என் கையைப் பிடித்தான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி உள்ளே போனாள்.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள்தான். பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள்.