முகம் வைக்காத படங்கள்

சபூறா டீச்சர் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருசம் படித்து முடித்துத் திரும்பி வந்தது எண்பத்திரண்டாம் ஆண்டு தை மாதம். போகும்போது தன் சித்திர வகுப்பை அந்நியரிடம் விட்டுப் போகவில்லை, சொந்தத்துக்குள்ளே, மசூரிடம்தான் விட்டுப் போனாள். அவள் கணவர் அபுல் ஹஸனுடைய வாப்பாவும் மசூருடைய வாப்பாவும் கூடப்பிறந்தவர்கள். மூத்தவர் வயற்காரர், இளையவர் கல்முனைக்குடிக் கடற்கரையில் வாடி போட்டு மீன் வாங்கி விற்றவர். இளையவருக்கு வரிசையாகப் பெண்மக்கள், கடைசியாக ஒரே ஆண் மசூர். பெண்மக்கள் எல்லோருக்கும் சீதனமாக வீடு கட்டிக் கொடுத்து முடிந்தபோது மசூருக்கென்று மிஞ்சியது அவன் படித்த படிப்பு மட்டும்தான். ஆனால் படம் கீறுவதற்கு நல்ல கை. அபுல் ஹஸன் பள்ளிக்கூட அதிபர் அப்துல் கபூரிடம் கதைத்து, சபூறா வரும்வரை மசூரைத் தொண்டராசிரியனாக நிறுத்தி வைத்தார். சம்பளம் கிடையாது. தொண்டராக நின்றவர்களுக்குப் பிறகு அரசாங்க நியமனம் வரும் என்று ஊரெல்லாம் நம்பியிருந்த காலம் அது.

சபூறா வந்த பிறகும் மசூர் போகவில்லை. சின்ன வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றான். நியமனத்துக்கு அவன் பேரும் அனுப்பப்பட்டிருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளி சனி விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் தொடங்குகிற நாள், சபூறா சாதாரண தர வகுப்புக்குள் போனாள். மார்கழியில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள். கரும்பலகையில் ‘கரைவலை இழுப்பு’ என்று எழுதிவிட்டுக் கீறச் சொன்னாள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதைவிடத் தெரிந்த காட்சி வேறில்லை. பென்சில்கள் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக நின்றது. நிமிர்ந்து பார்த்தால், எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

வாங்குப் பலகைகளுக்கு இடையில் நடந்து போய்ப் பார்த்தாள். கடல் சரியாக இருந்தது. தோணியும் கயிறும் மடித்துக் கட்டிய சாரன்களும் குறைசொல்ல முடியாதபடி வந்திருந்தன. ஆனால் வலை இழுக்கிறவர்களுக்கு முகம் இல்லை. ஓடு உரித்த முட்டையைப் போலத் தலைகள். கைகள் மணிக்கட்டோடு முடிந்திருந்தன. ஒரு தாளில் இரண்டு தாளில் என்றில்லை, வகுப்பு முழுக்க அப்படி. முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்று சொல்லித் தாள்களை அவளிடம் நீட்டினார்கள்.

அவள் மனம் நேரே சரீப் மௌலவியிடம் போய் நின்றது. இஸ்லாம் பாடம் எடுப்பவர் அவர். கலாசாலைக்குப் போவதற்கு முன்னொரு நாள் தேநீர் குடிக்கிற நேரத்தில், உயிருள்ளதைக் கீறுவது அவ்வளவு நல்லதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனவர். தான் இல்லாத நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று சபூறா முடிவு செய்தாள். பிள்ளைகளிடம் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு அவர் காதுக்குப் போகும், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஆசிரியர்களுக்கு மனக்கசப்பு வரும்.

வீட்டில் அபுல் ஹஸனிடம் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

“மௌலவியோட மல்லுக்கு நிக்காத. மறுகா நம்மட மையத்தத் தொழுவிக்கவும் அவர்தான் வரணும்.”

ஆகவே சபூறா ஒதுங்கிப் போனாள். மாங்காய் வைத்துக் கீறச் சொன்னாள், குடம் வைத்துக் கீறச் சொன்னாள், இலைக்கோலமும் பள்ளிவாசல் மினாராவும் கீற வைத்தாள். மௌலவியோ நாளுக்கு நாள் அவளிடம் அன்பாக நடந்தார். எதிரே கண்டால் அவரே முந்திக்கொண்டு ஸலாம் சொன்னார். அந்த அன்பு, வென்ற ஆளின் அன்பு என்று சபூறா எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தின் முதலாம் தவணை, தையிலிருந்து சித்திரை வரை, இப்படியே போய்விட்டது. இரண்டாம் தவணையில் பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தாள். சந்தை, கல்யாண வீடு, நெல்லுச் சூடு மிதிப்பு என்று எல்லாம் மனிதர் கூடுகிற இடங்கள். முகமும் கையும் இல்லாமல் தாளைக் கொடுத்தால் பிள்ளைகள் தவறிப் போவார்கள். சித்திரத்தில் தேறிக் கிடைக்கிற சித்தியை நம்பித்தான் பாதிப் பேர் பரீட்சையையே கடப்பார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மௌலவியைத் தேடி அதிபரின் காரியாலயத்துக்குப் போனாள். அங்கே அவர் தனியாக இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மௌலவி, புள்ளைகளுக்கு நீங்க சொன்னது உங்கட கடமை. நான் குறை சொல்லல்ல. ஆனா சோதினையில மனிசரக் கீறச் சொல்லித்தான் கேப்பாங்க. அந்த ஒரு நாளைக்கு மட்டும் முகம் வெக்க வுடுங்க.”

மௌலவி கோப்பையைக் கீழே வைத்தார். “நான் என்ன சொன்னன்?”

“முகம் கீறப்படாதெண்டு.”

“நானா? நான் ஒண்டும் சொல்லல்ல புள்ள. நீங்கதான் கலாசாலைக்குப் போய்த் திருந்தி வந்திரிக்கீங்க எண்டு நான் ஒவ்வொரு ஜும்ஆவும் உங்களுக்கு துஆக் கேட்டுக்கிட்டிரிக்கன்.”

மௌலவியின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தாடையால் சுவரைக் காட்டினார். “முகத்துக்கு இஞ்ச என்ன பஞ்சம்? மசூர் சித்திரம் எடுத்த நாளையில புள்ளைகள் கீறினது அவ்வளவும் தொங்குது. எனக்கு விருப்பமில்லதான், ஆனா வாயத் தொறக்கல்ல.”

சபூறா அந்தச் சுவரை வந்த நாளிலிருந்து கடந்துதான் போயிருந்தாள், நின்று பார்த்ததில்லை. இப்போது கிட்டப் போய்ப் பார்த்தாள். சூறாவளி அடித்த ஊர், பெருநாள் தொழுகை, சந்தை. ஒவ்வொன்றின் கீழேயும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர். ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே கண், ஒரே மூக்கு, விரல்களை மடக்குகிற ஒரே விதம். மீன் விற்கிற கிழவரும் பாங்கு சொல்கிறவரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களைப் போல இருந்தார்கள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது மார்க்கத்துக்குப் பயந்து அல்ல, யாராவது வந்து மிச்சத்தைப் போட்டுத் தருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மசூர் வழக்கம்போல் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாப்பிட்டுக் கை கழுவும்வரை சபூறா பொறுத்திருந்தாள்.

“தம்பி, அந்தப் படங்களுக்கு முகமும் கையும் நீதானே போட்டாய்?”

அவன் முதலில் சிரித்தான். “ஓம் மதினி. அதுகளுக்கு அது வராது. ஒருநாள் றாஹிலா கீறின முகத்தப் பாத்துப் பொடியன்மார் சிரிச்சி, அவ கொப்பியக் கிழிச்சிட்டு அழுதா. கொஞ்சம் தொட்டுக் குடுத்தன். மறுகா எல்லாரும் நீட்டினாங்க.”

“ரெண்டு வருசமா?”

“பெற்றாருக்குச் சந்தோசம். அதிபரும் நல்லமெண்டார்.”

“சோதினைக்கு ஆரு போய்த் தொட்டுக் குடுக்கிற?”

மசூருடைய சிரிப்பு போய்விட்டது. யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், நியமனத்துக்குப் பேர் போயிருக்கிற நேரம் என்றான். அபுல் ஹஸன் எழுந்து வெற்றிலை எடுக்க உள்ளே போய்விட்டார். அவனைக் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர்தானே. சபூறா அவர் போன திசையைப் பார்த்தாள்.

“நான் சொல்லல்ல. ஆனா இனி நீ ஒரு தாளையும் தொடாத.”

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இடைவேளையில் பிள்ளைகள் தாளோடு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விடுவான். பிள்ளைகள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்தார்கள். டீச்சருக்குப் பொறாமை, அதனால்தான் மசூர் சேரைத் தடுத்துவிட்டார் என்று வீட்டில் போய்ச் சொன்னார்கள். வீடுகளில் சொன்னது சந்தைக்குப் போயிற்று.

சபூறா பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்து ஒருவர் முகத்தை ஒருவர் கீறச் செய்தாள். சிரிப்பும் அழுகையும் கிழிப்பும் நடந்தன. கிழித்த தாள்களைப் பொறுக்கிப் பசை போட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். அப்படியும் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சந்தையைக் கீறச் சொன்னால் வாங்குகிறவரும் விற்கிறவரும் முதுகைக் காட்டி நின்றார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மணவறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துச் சபூறாவே சிரித்துவிட்டாள். இனி முதுகு கீறினால் மதிப்பெண் இல்லை என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், கோணல் முகங்களோடு.

ஆவணியில் பள்ளிக்கூடத்தில் சித்திரக் கண்காட்சி வந்தது. படங்களைப் பார்த்த அதிபர் நெற்றியைத் தடவினார். மசூரிடம் கொடுத்து ஒரு பார்வை பார்த்தால் என்ன என்று கேட்டார். வேண்டாம், இதுதான் பிள்ளைகள் கீறியது என்றாள் சபூறா. பெற்றார் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கேட்டவர் றாஹிலாவுடைய வாப்பா முகைதீன்பாவா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிடவைக் கடை வைத்திருந்தவர். மெதுவாகக் கதைக்கத் தெரியாத மனுசன். மகளுடைய படத்துக்கு முன்னால் நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“அரசாங்கக் காசில ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து, புள்ளைகளுக்கு வந்த கையையும் இல்லாமலாக்கிட்டாங்க. மசூர் சேர் படிப்பிச்சப்ப என்ட மகள் கீறின படத்தக் கண்ணாடி போட்டுக் கடையில மாட்டியிரிக்கன். இதென்ன இது, பிச்சிப் போட்ட ரொட்டி மாதிரி?”

மசூர் கதவடியில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சர்பத் தட்டோடு நின்றான். சபூறா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. ஒரு பார்வை பார்த்தால் போதும், அவன் மாட்டிக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கு இப்போதுதான் வருகிறது என்று மட்டும் சொன்னாள்.

“வாப்பா,” என்றாள் றாஹிலா. “கடையில இரிக்கிறது நான் கீறல்ல.”

“என்ன புள்ள சொல்றாய்?”

“கடலும் தோணியும் நான். ஆக்கள்ர முகமெல்லாம் சேர் போட்டது. இது முழுக்க நான்.”

முகைதீன்பாவா திரும்பினார். “அப்படியா சேர்?”

மசூர் தட்டை மேசையில் வைத்தான். பொய் சொல்ல அவனுக்கு அந்த நேரம் நல்ல இடம் இருந்தது. பிள்ளை விளையாட்டாகச் சொல்கிறது என்றால் ஊர் அவனைத்தான் நம்பியிருக்கும்.

“ஓம் காக்கா. எல்லாரிட படத்துலயும் நான்தான் போட்டன்.”

அதிபர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முகைதீன்பாவாவுக்குக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. படத்துக்கே திரும்பி, நடுவில் நிற்கிறவன் யார் என்று கேட்டார்.

“நீங்கதான் வாப்பா.”

“என்ட மூக்கு இவ்வளவு பெரிசா?”

“அவ குறைச்சித்தான் கீறியிரிக்கா முதலாளி,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. முகைதீன்பாவா அந்தக் குரலைத் தேடிப் போனார்.

அடுத்த நாள் மசூர் வரமாட்டான் என்று சபூறா நினைத்தாள். வந்தான். நேரே சித்திர வகுப்புக்கு வந்து, தனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டான். அவள் ஒரு கதிரையை நடுவில் போட்டு அவனை உட்கார வைத்தாள். தவணை முடியும்வரை வாரத்துக்கொரு பாடவேளை அவன் அசையாமல் இருந்தான், பிள்ளைகள் அவன் முகத்தைக் கீறினார்கள். தன் காதுகள் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு இடத்தில் முளைத்திருப்பதை அவன் பார்த்தான், ஒன்றையும் திருத்தவில்லை.

அவனுக்கு நியமனம் மறுவருசம் வந்தது. சித்திரத்துக்கு அல்ல, கணக்குக்கு, ஒலுவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. அதற்கு முன்னமே பரீட்சை முடிவு வந்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண சித்தி, றாஹிலாவுக்குத் திறமைச் சித்தி, மூன்று பேர் சித்திரத்தில் தவறிப் போனார்கள். தவறியவர்களின் பெற்றார் டீச்சரைக் குறை சொன்னார்கள். முதலாம் தவணையை மாங்காயிலும் குடத்திலும் விட்டது அவள் மனதில் இருந்தது. மூவரையும் திரும்ப எழுதச் சொல்லி, சனிக்கிழமைகளில் பின்னேரம் வீட்டுக்கு வரச் சொன்னாள். கதிரையில் வந்து உட்காருவதற்கு மசூர் ஒலுவிலிலிருந்து பஸ் ஏறி வந்தான்.